தொண்டனுக்கும் நிழல் உண்டு

 

வானத்திலிருந்து மழையை இறக்கி, அதை மலையின் வயிற்றில் சேர்த்து வைத்து, பாறைகளின் வழியே அருவியாக ஓடவிடும் அல்லாஹுத் தஆலாவுக்கே எல்லாப் புகழும். சலவாத்தும் சலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக. ஆமீன்.

தொண்டு செய்வதற்காகக் கடல் கடந்து ஓர் ஊருக்குப் போனவன் ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டு அருவி பார்க்கப் போகிறான். அவன் செய்தது சரியா, தப்பா? "ஊழியத்துக்கு வந்தவனுக்கு உல்லாசம் என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. "போகட்டும், அவனும் மனிதன்தானே" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. முதல் பேச்சில் ஈரம் இல்லை. இரண்டாவது பேச்சில் அளவு இல்லை. மார்க்கம் என்னும் தராசில் வைத்து இதை நிறுத்துப் பார்ப்போம். நான் ஆலிம் அல்லன். ஓதப்பள்ளியிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தவன். உஸ்தாதுமார்களிடம் கேட்டதையும், என் வாப்பா சொல்லக் கேட்டதையும் கடைக்காரன் பாஷையிலேயே சொல்கிறேன்.

உதாரணத்துக்கு வெகு தூரம் போக வேண்டாம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1961-ஆம் வருஷம் மார்ச்சு 1-ந் தேதி, பீஸ் கோர் என்ற சமாதானத் தொண்டர் படையை ஏற்படுத்தினார். அந்த வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியிலேயே முதல் கூட்டம் ஆப்பிரிக்காவில் உள்ள கானா தேசத்தில் போய் இறங்கியது. 1962 ஜனவரியில் அவர்கள் மலாயாவுக்கும் வந்தார்கள். அப்பொழுது மலேசியா என்ற தேசம் பிறக்கவில்லை. 1983 வரைக்கும் ஏறக்குறைய நாலாயிரம் பேர் வந்து போனார்கள். பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலமும் கற்பித்தவர்கள் அவர்களிலே உண்டு. ஆஸ்பத்திரிகளில் ஊழியம் செய்தவர்களும் உண்டு. இரண்டு வருஷம் தங்க வேண்டும். அந்த ஊர்க்காரர் வாழ்வதைப் போலவே வாழ வேண்டும். செலவுக்கு அதற்குத் தக்க பணந்தான் கிடைக்கும். ஓர் அரசாங்கம் அனுப்பிய படைதானே என்று சந்தேகக் கண்ணால் பார்த்தவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். அந்த அரசியல் நமக்கு வேண்டாம். நம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவரைப் பற்றி மட்டும் பேசுவோம்.

அந்தப் படைக்கு மூன்று நோக்கங்கள் வைத்தார்கள். வேண்டி நிற்கும் தேசங்களுக்குத் தேர்ந்த ஆட்களை அனுப்புவது ஒன்று. அந்தத் தேசத்தார் தங்களை அறிந்துகொள்ளும்படிச் செய்வது இரண்டாவது. தங்கள் ஜனங்கள் பிற ஜனங்களை அறிந்துகொள்ளும்படிச் செய்வது மூன்றாவது. மூன்றில் இரண்டு பங்கு, மனிதன் மனிதனை அறிந்துகொள்வதைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். நமக்கு இது புதிதல்ல. மனிதர்களைப் பல ஜாதிகளாகவும் கூட்டங்களாகவும் ஆக்கியது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்காகவே என்ற கருத்தை அல் ஹுஜுராத் சூராவில் அல்லாஹ் நமக்குச் சொல்லிவைத்திருக்கிறான். அறிந்துகொள்வது கரும்பலகைக்கு முன்னால் மட்டும் நடக்கிற காரியமா? கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கூட நடக்க வேண்டும். சும்மா இருக்கும்பொழுதும் கூட இருக்க வேண்டும்.

என் பாட்டனார் ஜொகூர் மாநிலத்துக் கோத்தா திங்கியில் மளிகைக் கடை வைத்திருந்தார். சுபுஹு தொழுதுவிட்டுக் கடை திறந்தால் இராப் பத்து மணிக்குத்தான் பலகை போடுவார். 1960-களின் நடுவில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இந்தப் படையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வாத்தியாராக வந்தார். ரொட்டியும் மத்தி மீன் டின்னும் வாங்கப் பாட்டனார் கடைக்குத்தான் வருவார்; கற்றுக்கொண்டு வந்த மலாய்மொழியில் பேசுவார். ஒரு நாள் அவர், "தவுக்கே, பக்கத்தில் அருவி இருக்கிறதாமே, எப்படி இருக்கும்?" என்று கேட்டாராம். ஊரிலிருந்து சுமார் பத்து மைலில், குனோங் முந்தாஹாக் மலைச்சரிவில், லொம்போங் என்னும் இடத்தில் அந்த அருவி விழுகிறது. உயரம் 36 மீட்டர். அடிக் கணக்கில் 118 அடி. சிங்கப்பூரிலிருந்தெல்லாம் ஜனங்கள் பார்க்க வருவார்கள். பாட்டனாரோ அந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. "கடையில் உள்ள சாமான் விலை எதைக் கேட்டாலும் சொல்வேன். அருவியைப் பற்றி என்னைக் கேட்காதே" என்று சிரித்துவிட்டு, "என் மகனையும் கூட்டிப் போ. ஆனால் ஜும்ஆவுக்கு முன்னால் பிள்ளைகள் பள்ளிவாசலில் இருக்க வேண்டும்" என்றாராம். அக்காலத்தில் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. இப்பொழுது, 2025 முதல், அது சனி ஞாயிறு.

அப்படிப் போன பிள்ளைகளில் என் வாப்பா ஒருவர். காலை ஏழு மணிக்கு லாரியில் ஏறிப் போனார்கள். போனவுடனே வாத்தியார் யாரையும் தண்ணீரில் இறங்க விடவில்லை. அங்கிருந்த மலாய்ப் பெரியவர் ஒருவரைத் தேடிப்போய், எங்கே இறங்கலாம், எங்கே ஆகாது என்று கேட்டார். பெரியவர் 'கெப்பாலா ஆயிர்' பற்றிச் சொன்னாராம். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். கிளையும் சருகும் அடைத்துத் தேங்கிய நீர் ஒரே மூச்சில் உடைத்துக்கொண்டு வந்துவிடும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் மாறினாலும் எதையும் எடுக்க நிற்காமல் கரையேறிவிட வேண்டும். வாத்தியார் அதைப் பிள்ளைகளுக்கு மூன்று முறை சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்து, தாம் கீழ்ப்புறத்துப் பாறையில் நின்று அடிக்கடி தலை எண்ணிக்கொண்டிருந்தாராம்.

பிள்ளைகள் குளித்துக் கரையேறிய பிறகு அவர் ஒரு மர நிழலில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. உடம்புக்கு என்னவோ என்று ஒரு பையன் போய்க் கேட்டதற்கு அவர் சொன்னாராம்: "எட்டு மாதமாக ஊர் ஞாபகம் வரும்பொழுதெல்லாம் வேலையை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டேன். இன்றைக்குத்தான் இந்த ஊரும் என் ஊர் என்று தோன்றுகிறது." பிறகு பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த நாசி லெமாக்கை அவருக்கும் பங்கு வைத்தார்கள். வாங்கிக்கொண்டு போன ரொட்டியை அவர் பிரிக்கவே இல்லையாம். கொடுக்க வந்தவர் அன்றைக்கு வாங்கிக்கொள்கிறவராக உட்கார்ந்தார். தொண்டனுக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும். எப்பொழுதும் கொடுக்கிறவனாகவே நிற்பவனுக்கு, தான் உயர்ந்தவன் என்ற எண்ணம் தெரியாமலே வந்துவிடும்.

இந்த இடத்தில் எனக்கு மூஸா நபி (அலை) அவர்களின் சரித்திரம் ஞாபகம் வருகிறது. அல் கஸஸ் சூராவில் அது வருகிறது. மூஸா நபி மிஸ்ரு தேசத்தை விட்டு உயிருக்கு அஞ்சிப் புறப்பட்டு மத்யன் என்ற அந்நிய ஊரின் நீர்த்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஆட்டிடையர் கூட்டம் தங்கள் மந்தைகளுக்கு நீர் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள் மட்டும் தங்கள் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். மூஸா நபி அவர்களிடம் போய், உங்கள் காரியம் என்ன என்று கேட்டார்கள். தகப்பனார் வயோதிகர், இடையர்கள் எல்லாரும் போன பிறகுதான் தங்களால் நீர் காட்ட முடியும் என்று அப்பெண்கள் சொன்னார்கள். உடனே மூஸா நபி அந்த ஆடுகளுக்கு நீர் காட்டிக் கொடுத்தார்கள். அதன்பின் என்ன செய்தார்கள்? நிழலுக்குப் போனார்கள். அங்கே இருந்துகொண்டு, இறைவா, நீ எனக்கு இறக்கித் தரும் எந்த நன்மைக்கும் நான் தேவையுடையவனாக இருக்கிறேன் என்ற கருத்தில் இறைஞ்சினார்கள்.

சகோதரர்களே! தொண்டு செய்கிறவனுக்கு வேண்டிய பாடம் முழுவதும் இதிலே இருக்கிறது. மூஸா நபி முதலில் கேட்டார்கள், பிறகு செய்தார்கள். என்ன வேண்டும் என்று கேளாமலே செய்கிற உதவி பல நேரங்களில் உபத்திரவமாக முடியும். இரண்டாவது, அவர்கள் கூலி கேட்கவில்லை. மூன்றாவது, செய்து முடித்த பிறகு நன்றி வரட்டும் என்று அந்த இடத்திலேயே நிற்கவில்லை, நிழலுக்கு ஒதுங்கிவிட்டார்கள். நான்காவது, நிழலில் இருந்தபொழுது, நான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. நான் தேவையுடையவன் என்று சொன்னார்கள். அந்த நிழலில்தான் அவர்களுக்கு அழைப்பு வந்தது. இருவரில் ஒருத்தி நாணத்தோடு நடந்து வந்து, தண்ணீர் காட்டியதற்குக் கூலி கொடுக்கத் தகப்பனார் அழைப்பதாகச் சொன்னாள். அந்தப் பெரியவரை ஷுஐபு நபி (அலை) என்று பலர் சொல்வர். வீடும், வேலையும், குடும்பமும் மூஸா நபிக்கு அந்த அழைப்பிலிருந்தே கிடைத்தன. அல்லாஹ் தன் வேதத்தில் ஒரு நபியின் வேலையைச் சொல்லிவிட்டு அவர் நிழலில் ஒதுங்கியதையும் விடாமல் சொல்கிறான் என்றால், நிழல் வீண் காரியம் அல்ல என்பது விளங்கவில்லையா?

இன்னொரு சம்பவமும் உண்டு. நாயகத் தோழர் அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார்கள். அவர்களைப் பார்க்க வந்த சல்மான் பார்ஸி (ரலி) அவர்கள், வீட்டார் கவனிப்பாரற்று இருப்பதைக் கண்டார்கள். அபூதர்தாவைச் சாப்பிட வைத்தார்கள். இரவின் முற்பகுதியில் தூங்க வைத்தார்கள். கடைசிப் பகுதியில் எழுப்பி இருவருமாகத் தொழுதார்கள். பிறகு, உம்முடைய இறைவனுக்கு உம்மிடத்தில் பாத்தியதை உண்டு, உம்முடைய உடலுக்கும் உண்டு, வீட்டாருக்கும் உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடும் என்று புத்தி சொன்னார்கள். இது நாயகம் (ஸல்) அவர்களின் சமூகத்துக்குப் போனபொழுது, சல்மான் உண்மை சொன்னார் என்று அருளினார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. நம் பேரேட்டு வழக்கத்தில் சொன்னால், உடம்பும் நமக்குக் கடன் கொடுத்த ஒரு ஆசாமி. அவன் பாக்கியைத் தீர்க்காமல் மற்றவனுக்குத் தான தர்மம் செய்கிறவன் கணக்கு நேரானது அல்ல. அந்தத் தொண்டர் படையின் இன்றைய விதியிலும் ஒரு மாத ஊழியத்துக்கு இரண்டு நாள் ஓய்வு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆகையால் தொண்டன் அருவிக்குப் போனது சரிதான். வேலையைத் திருடிக்கொண்டு போனால் தப்பு. வேலைக்கு உரியதைக் கொடுத்துவிட்டுப் போனால் அது அவன் பாத்தியதை.

ஆனால் ஓய்வுக்கும் ஒழுக்கம் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் பேச்சு அரைகுறையாகும்.

முதலாவது, தொழுகை. சுற்றுலாவில் லுஹரும் அஸரும் தப்பிப் போவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மூட்டை கட்டும்பொழுது தின்பண்டத்தை மறப்பதில்லை. தொழுகை விரிப்பைத்தான் மறக்கிறோம். வேறு சமயத்தைச் சேர்ந்த அந்த வாத்தியார், பதினொரு மணி ஆனதும் விசில் ஊதிப் பிள்ளைகளைக் கரையேற்றி, பாங்கு சொல்லுமுன் பள்ளிவாசல் வாசலில் கொண்டுவந்து இறக்கினாராம். கொடுத்த வாக்கை அவர் அப்படிக் காப்பாற்றினார். நம்முடைய வாக்கோ அல்லாஹ்விடம் கொடுத்த வாக்கு.

இரண்டாவது, உயிர் அமானிதம். ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மேல் பாரம் போடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அருவிக் கரையில் ஒட்டகத்தைக் கட்டுவது என்பது ஊர்க்காரரிடம் கேட்பதும், மேல் மலையைப் பார்ப்பதும், தலை எண்ணுவதும்தான். 2010-ஆம் வருஷம் பகாங் மாநிலம் மாரான் வட்டாரத்து லூபோக் யூ அருவிப் பகுதியில், நீரில் மூழ்கிய ஒருவரைத் தேட இறங்கியவர்களில் பலருக்கு, மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் நோய் கண்டு 8 பேர் மாண்டு போனார்கள். ஒருவனுடைய ஓய்வு நாள் எத்தனை குடும்பங்களின் துக்க நாளாகிவிடக் கூடும் என்பதற்கு இது போதும். மற்றவர் உயிருக்காகத் தம் உயிரைக் கொடுத்தவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி கொடுப்பானாக.

மூன்றாவது, இடத்தைச் சுத்தமாக விடுவது. ஜனங்கள் நடக்கிற பாதையையும் தங்குகிற நிழலையும் அசுத்தம் செய்வது சாபத்தைக் கொண்டுவரும் என்று ஹதீதில் எச்சரிக்கை வந்திருக்கிறது. அந்த வாத்தியார் காகிதம், டின், இலை எல்லாவற்றையும் ஒரு கோணியில் அள்ளிக்கொண்டு திரும்பினார். பாட்டனார் அதைப் பார்த்துவிட்டு, அங்கே கிடக்கிற குப்பையோடு இதுவும் கிடந்தால் என்ன என்று கேட்டதற்கு, "விருந்தாளியாகப் போன வீட்டில் குப்பை போட்டுவிட்டு வரலாமா, தவுக்கே?" என்றாராம். வேதம் ஓதிய நாம் இதைவிடச் சிறப்பாக நடக்க வேண்டாமா?

நான்காவது, பார்த்ததிலிருந்து உள்ளம் எதையாவது பெற்று வரவேண்டும். அல் பகரா சூராவில் அல்லாஹ் கல்லைப் பற்றிச் சொல்கிறான். சில பாறைகளிலிருந்து ஆறுகள் பீறிட்டு வருகின்றன. சில வெடித்து, அவற்றிலிருந்து தண்ணீர் கசிகிறது. சில அல்லாஹ்வின் அச்சத்தால் விழுகின்றன. மனிதனுடைய இருதயமோ இறுகிவிட்டால் கல்லைவிடக் கடினமாகிவிடுகிறது என்பதே அங்கே வருகிற கருத்து. அருவியின் எதிரே நிற்கிறவன் இந்த ஆயத்தைக் கண்ணால் பார்க்கிறான். கல்லே தண்ணீர் கொடுக்கிறதே, என் நெஞ்சு என்ன கொடுக்கிறது என்று கேட்டுக்கொண்டால் அவன் போய் வந்த செலவுக்கு வரவு வந்துவிட்டது.

தண்ணீரைப் பற்றியும் யோசியுங்கள். உங்கள் தண்ணீர் பூமிக்குள் போய்விட்டால் ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டுவருகிறவன் யார் என்ற கேள்வியோடு அல் முல்க் சூரா முடிகிறது. கோத்தா திங்கி ஜொகூர் ஆற்றங்கரையில் உள்ள ஊர். 1962 செப்டம்பரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, சிங்கப்பூர் அந்த ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை 2061-ஆம் வருஷம் வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூர்ப் பள்ளிவாசல் குழாயில் நம் சகோதரர் ஒளு செய்கிற நீரில் அந்த ஆற்று நீரும் இருக்கும். அதே ஆறுதான் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் பெருக்கெடுத்துக் கோத்தா திங்கியை மூழ்கடித்தது. ரஹ்மத்தும் சோதனையும் ஒரே ஆற்றில் வருகின்றன. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில், அதாவது இரண்டு கை சேர்த்து அள்ளும் ஓர் அளவில், ஒளு செய்துகொள்வார்கள். அருவி கொட்டுகிறதே என்று அலட்சியம் வேண்டாம்.

சகோதரர்களே! இதுவரை தொண்டனைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேசுவோம்.

இந்தத் தேசத்துக்கு ரஜுலாக் கப்பலில் வந்து இறங்கிய நம் பெரியவர்கள் எத்தனையோ பேர், முப்பது நாற்பது வருஷம் கடையிலேயே கழித்துவிட்டு, பத்து மைலில் இருந்த அருவியையும் மலையையும் பாராமலே ஊருக்குத் திரும்பினார்கள். அவர்கள் வறுமைக்கும் பொறுப்புக்கும் அஞ்சி உழைத்தவர்கள். அவர்கள் சிந்திய வியர்வையில்தான் நாம் நிற்கிறோம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு இல்லை. ஆனால் அவர்கள் பட்ட கஷ்டத்தை நம் கடைப் பையன்களும் பட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

அந்த வாத்தியார் போய்வந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு, என் பாட்டனார் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கடையை அடைத்துவிட்டு, வேலைக்கு இருந்த இரண்டு பையன்களையும் என் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு அருவிக்குப் போனார். பார்த்ததும் "சுப்ஹானல்லாஹ்" என்றாராம். வெகு நேரம் வேறு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பையன்களில் இளையவனைப் பார்த்து, "உன் உம்மாவுக்கு எழுது, இப்படி ஒன்றைப் பார்த்தேன் என்று" என்றாராம். அந்தப் பையன் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அவன் எழுதிய கடிதங்களில் மணியார்டர் தொகையும் சுகம் விசாரிப்பும் தவிர வேறு ஒன்றும் இருந்ததில்லை. அந்த வாரக் கடிதம் இரண்டு பக்கம் போயிற்று என்று வாப்பா சொல்வார். மகன் உயிரோடு இருக்கிறான் என்பது அந்த உம்மாவுக்கு மணியார்டரில் தெரிந்திருக்கும். அவன் சந்தோஷமாகவும் இருக்கிறான் என்பது அந்தக் கடிதத்தில்தான் தெரிந்திருக்கும்.

இன்றைக்கும் இராமநாதபுரம், புதுக்கோட்டை, தென்காசிப் பக்கங்களிலிருந்து பிள்ளைகள் வந்து நம் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நிற்கிறார்கள். தேத்தண்ணீர் ஆற்றுகிறவன், ரொட்டி சானாய் வீசுகிறவன், மூட்டை இறக்குகிறவன் எல்லாருக்கும் வாரத்தில் முழுதாக ஒரு நாள் கிடைக்கிறதா? மலேசியாவின் 1955-ஆம் வருஷத் தொழிலாளர் சட்டம் வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. வாரத்துக்கு 48 மணி என்று இருந்த வேலை நேரத்தை 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து 45 ஆக்கியிருக்கிறார்கள். சிங்கப்பூர்ச் சட்டத்திலும் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு உண்டு. சட்டத்துக்குப் பயந்து கொடுப்பவன் அபராதத்திலிருந்து தப்புவான். அல்லாஹ்வுக்குப் பயந்து கொடுப்பவன் நன்மையும் அடைவான். உங்கள் கைக்குக் கீழே இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதை அவர்களுக்கும் உண்ணக் கொடுங்கள். தாங்க முடியாததைச் சுமத்தாதீர்கள். சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் மீலாது மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! மேடையில் கேட்டது கல்லாப் பெட்டி வரைக்கும் வரவேண்டும்.

"கடையை அடைத்தால் வாடிக்கை போய்விடுமே" என்பீர்கள். அடைக்கச் சொல்லவில்லை. முறை வைத்து அனுப்புங்கள். இன்றைக்கு இரண்டு பேர், அடுத்த கிழமை இரண்டு பேர். உங்கள் வேன் சும்மா நிற்கிற காலையில் அதையே கொடுங்கள். சோறு கட்டிக் கொடுங்கள். வயதில் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் போங்கள். முதலாளியும் சிப்பந்தியும் ஒரே பாறையில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடட்டும். ஒரு வருஷம் கடையில் பேசித் தீராத மனஸ்தாபம் ஒரு பகலில் தீரக் காண்பீர்கள். ஜும்ஆவுக்கு அழைப்பு வந்தால் வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொன்ன அதே அல்லாஹ், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று தன் அருளைத் தேடவும் சொல்கிறான். விடச் சொன்னவனும் கொடுப்பவனும் அவனே. விட்டதனால் ரிஸ்கு குறையும் என்று எண்ணுவது ஈமானுக்கு அழகல்ல.

நம் சங்கத்துத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. நோன்பு மாதம் முழுவதும் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறவர்கள் நீங்கள். மவுத்து வீட்டுக்கு முதலில் ஓடுகிறவர்களும், வெள்ளம் வந்தால் அரிசி மூட்டை சுமக்கிறவர்களும் நீங்களே. களைத்துப் போனால் அதைக் குற்றமாக எண்ணாதீர்கள். களைப்பை மறைத்துக்கொண்டு செய்கிற தொண்டில் கொஞ்ச நாளில் சிடுசிடுப்பு வந்துவிடும்; வாங்குகிற ஏழையின் மனம் நோகும். சிடுசிடுத்து ஊற்றுகிற பத்துக் கோப்பைக் கஞ்சியைவிட, முகமலர்ச்சியோடு ஊற்றுகிற ஒரு கோப்பை மேல். ஆகையால் முறைப்படி ஒதுங்குங்கள். நிழலில் உட்காருங்கள். உட்கார்ந்த இடத்தில் நீங்களும் அல்லாஹ்விடம் கையேந்துகிற தேவையுடையவர்தான் என்று சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து வாருங்கள், வேலை காத்திருக்கிறது.

யா அல்லாஹ்! அந்நிய பூமியில் ஆடுகளுக்கு நீர் காட்டிய மூஸா நபிக்கு நீ நிழலையும் வீட்டையும் கொடுத்தாய். கடல் கடந்து பிறர் துன்பம் தீர்க்கப் போயிருக்கும் எல்லாருக்கும் அப்படியே நிழல் கொடுப்பாயாக! எங்கள் கடைகளில் உழைக்கும் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும், அவர்களைப் பெற்றவர்களுக்கு மன நிம்மதியையும் தருவாயாக! எங்கள் வியாபாரத்தில் பரக்கத்தையும், எங்கள் கையில் தாராளத்தையும், கல்லாகிப் போகாத இருதயத்தையும் எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.